விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போனால் வறுமை குறைகிறதா? உங்கள் ஊரில் என்ன நடந்தது?

#1 செய்யாற்றுக்காரன்

2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேலை பார்க்கும் இந்தியர்களில் நூற்றுக்கு 46 பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கோ 18 சதவீதம் அளவில்தான். கிட்டத்தட்டப் பாதிப் பேர், ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வருமானத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். இதைக் காட்டித்தான் "ஆட்களை விவசாயத்திலிருந்து வெளியே கொண்டுவாருங்கள், வறுமை தானாகக் குறையும்" என்கிறார்கள்.

1954இல் பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் எழுதிய கட்டுரைதான் இந்த வாதத்துக்கு அடிப்படை. கிராமத்தில் தேவைக்கு மேல் ஆள் இருக்கிறது. மூன்று பேர் வேலையை ஆறு பேர் செய்கிறார்கள். மூன்று பேர் கிளம்பிப் போனாலும் விளைச்சல் குறையாது. போனவர்கள் தொழிற்சாலையில் கூடுதலாகச் சம்பாதிப்பார்கள். மிச்ச ஆள் தீர்ந்ததும் ஊரில் இருப்பவர்களுக்கும் கூலி ஏறும். இதுதான் அவர் சொன்னதின் சாரம்.

தமிழ்நாட்டை வைத்து இதைப் பார்க்கலாம். 2001 மக்கள்தொகைக் கணக்கில் சொந்தமாகப் பயிர் செய்பவர்கள் சுமார் 51 லட்சம் பேர். 2011இல் 42.5 லட்சம். பத்து வருடத்தில் எட்டரை லட்சம் பேருக்கு மேல் குறைந்துவிட்டார்கள். வருமானத்தைப் பார்க்காமல் உடல்நலம், படிப்பு, வாழ்க்கை வசதி ஆகியவற்றைப் பார்க்கும் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் 2019-21இல் தமிழ்நாட்டில் வறியவர்கள் 2.20 சதவீதம், நாடு முழுவதும் சேர்த்து 14.96. இங்கே ஆட்கள் விவசாயத்தை விட்டார்கள், வறுமையும் நாட்டைவிடக் குறைவாக இருக்கிறது. ஆனால் அதனால்தான் இது நடந்தது என்று சொல்லிவிட முடியுமா?

எங்கள் செய்யாறு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு நடந்ததைப் பார்த்தவன் நான். எந்த நிபந்தனையில் ஒருவர் கழனியை விட்டுப் போகிறார் என்பதுதான் அவர் வறுமையிலிருந்து மீள்வாரா இல்லையா என்பதை முடிவு செய்கிறது என்று நினைக்கிறேன். முன்பணம் வாங்கிக்கொண்டா, இல்லாமலா? இரவு வீடு திரும்ப முடிகிறதா? பெண்களுக்கு அந்த வேலை கிடைக்கிறதா? உங்கள் ஊரில் யார் போனார்கள், எந்த வேலைக்கு, போகாதவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

#2 நொய்யல்கரை

நல்ல கேள்விங்க. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுப்பவன். சொந்த ஊர் பல்லடம் பக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கொங்குப் பகுதி ஆற்றுப்பாசனத்தை நம்பிய பூமி இல்லை. கிணற்றுப் பண்ணையம். கிணறு வற்றினால் ஆழப்படுத்துவது, அப்புறம் போர் போடுவது, அது ஆயிரம் அடிக்கு இறங்குவது என்று பண்ணையமே பெரிய முதலீட்டுத் தொழிலாக மாறிவிட்டது. அதில் ஓரளவு நிலமும் கடன் வாங்கும் வசதியும் இருந்தவர்கள்தான் முதலில் வெளியே வந்தார்கள். பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த கவுண்டர் வீட்டுப் பையன், சில வருடங்களில் நான்கு பேருடன் கூட்டுச் சேர்ந்து நாலைந்து மெஷின் போட்டு ஜாப் வொர்க் எடுத்தான். நிலத்தை அடமானம் வைத்தான், உறவில் கடன் கிடைத்தது, முதலாளியானான். திருப்பூர் வளர்ந்த கதையில் பாதி இதுதான். வெறும் கூலி உழைப்பாளி விவசாயத்தைத் துறந்து வந்து பணக்காரன் ஆன கதை என்று அதைச் சொல்ல முடியாது.

காட்டு வேலைக்கு, அதாவது பண்ணைக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அருந்ததியர் குடும்பங்களின் கதை வேறு. இந்தப் பக்கத்துக் கிராமங்களை ஜூடித் ஹேயர் என்ற ஆய்வாளர் 1981-82இலும் 1996இலும், அப்புறம் 2008 வாக்கிலும் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தார். தொழில் இவ்வளவு வளர்ந்த வட்டாரத்திலேயே தலித் குடும்பங்கள் நீண்ட காலம் பண்ணைக் கூலியிலேயே தங்கிவிட்டன என்பது அவர் கண்டது. கூலி ஏறியது, பண்ணையாள் முறை தளர்ந்தது. நல்ல வேலைகளின் கதவு மட்டும் மெதுவாகத்தான் திறந்தது.

கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் என்ற இருவர் திருப்பூரைச் சுற்றியுள்ள இரண்டு ஊர்களை ஒப்பிட்டு எழுதியதைத்தான் இந்த இழைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஓர் ஊரில் தலித் இளைஞர்கள் தினமும் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். இன்னோர் ஊரில் விசைத்தறி ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. தறி முதலாளிகள் அதே ஊரின் நிலக்காரர்கள். வேலைக்குச் சேரும்போதே பாக்கி, அதாவது முன்பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பாக்கி தீராது. கல்யாணம், மருத்துவம், சாவு என்று ஏறிக்கொண்டே போகும். தீர்க்காமல் வேறு தறிக்குப் போக முடியாது. போக வேண்டுமானால் புது முதலாளி பழைய பாக்கியை அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார்.

இரண்டு ஊர்க்காரர்களும் அரசாங்கக் கணக்கில் 'விவசாயம் அல்லாத வேலை' என்ற ஒரே கட்டத்தில்தான் வருவார்கள். ஒருவர் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு, பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை வேறு கம்பெனியில் மெஷினில் உட்காரலாம். இன்னொருவர் பண்ணையாளாக இருந்த அப்பாவைப் போலவே ஒரே வாசலில் நிற்கிறார். பனியன் கம்பெனியும் சொர்க்கம் இல்லை. ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று உடம்பு போய்விடும், பலருக்குப் பி.எஃப் கிடையாது. இருந்தாலும் வேலையை விட்டுப்போகிற சுதந்திரம் இருக்கிறது.

#3 தாளடி

திருவாரூர் மாவட்டத்தில் சிறு விவசாயி. சொந்தம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம்.

நீங்கள் எல்லாரும் போனவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். லூயிஸ் சொன்ன அந்த மிச்ச ஆள் எங்கே என்று யாராவது காட்டுங்கள். சம்பா நடவு சமயத்தில் எங்கள் பக்கம் ஆளே இல்லை. சில வருடங்களாக மேற்கு வங்கத்திலிருந்து குழுவாக வந்து நட்டுக் கொடுக்கிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, கயிறு பிடித்து நடுகிறார்கள். அவர்கள் இல்லையென்றால் நாற்று முற்றிப்போகும். அறுப்புக்கு மெஷின் வந்து பல வருடம் ஆகிறது, அதன் வாடகை மணிக்கணக்கில் ஏறுகிறது. ஈரப்பதம் என்று சொல்லிக் கொள்முதல் நிலையத்தில் நெல் கிடக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர். இதில் கூலி ஏறினால் யார் தலையில் விழும்? எங்கள் தலையில்தான்.

#4 வெண்ணாறு

தாளடி அண்ணா, உங்கள் கஷ்டம் தெரியும், நானும் அதே மாவட்டம்தான். ஆனால் என் அம்மா நடவுக்கும் களைக்கும் போனவர். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கீழத்தஞ்சையில் கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதுக்காக நடந்த போராட்டம் எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, 44 உயிர். அவ்வளவு விலை கொடுத்தும் ஏறாத கூலி பின்னாளில் எப்படி ஏறியது? சங்கம் ஒரு காரணம், சட்டம் ஒரு காரணம். ஆனால் ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்கும் கிளம்பியபோதுதான் 'நாளைக்கு வர மாட்டேன்' என்று சொல்லும் தைரியம் ஊரில் இருந்த பெண்களுக்கும் வந்தது. வேலைக்கு வரச் சொல்லி வீட்டு வாசலுக்கு வந்து கேட்கிறார்கள் என்பதையே என் அம்மா பெரிய மாற்றமாகச் சொல்வார். கூலி ஏறியது விவசாயத்துக்கு நேர்ந்த கேடு என்று மட்டும் சொல்லாதீர்கள். நிலம் இல்லாத வீடுகளில் வறுமை குறைந்ததே அதனால்தான்.

உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் அது நெல் விலையின் பிரச்சினை, குத்தகையின் பிரச்சினை. அதை நடவாளின் கூலியில் கழிக்கக் கூடாது.

#5 எண்கணக்கு

#3இல் தாளடி ஐயா தொட்டது பொருளாதாரத் துறையின் பழைய சண்டை. தியோடர் ஷூல்ட்ஸ் என்ற பொருளாதார அறிஞர் இதே கேள்வியை லூயிஸுக்கு எதிராக வைத்தார், அதுவும் இந்தியாவை வைத்தே. 1918-19 விஷக்காய்ச்சலில் (இன்ஃப்ளுயன்சா) இங்கே கோடிக்கணக்கில் செத்தார்கள். கிராமத்தில் உண்மையிலேயே மிச்ச ஆள் இருந்திருந்தால் சாகுபடிப் பரப்பு குறைந்திருக்கக் கூடாது, ஆனால் குறைந்தது என்றார். வேடிக்கை என்னவென்றால், 1979இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் கொடுத்தார்கள். நெல் நாட்டில் இரண்டு பேர் சொன்னதும் சரி என்பது என் கருத்து. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் பற்றாது, மற்ற மாதங்களில் அதே ஆளுக்கு வேலை இருக்காது. வருடக் கணக்கில் பார்த்தால் மிச்சம், வாரக் கணக்கில் பார்த்தால் பஞ்சம்.

இன்னும் இரண்டு கணக்குகள் பார்க்கலாம்.

முதலாவது, நாடு முழுக்க இந்த நகர்வு பின்னோக்கித் திரும்பியது. 2018-19இல் விவசாயத்தில் 42.5 சதவீதம் பேர். 2019-20இல் 45.6. 2020-21இல் 46.5. கொரோனா முடக்கத்தில் ஊருக்கு நடந்தே திரும்பியவர்களை நிலம்தான் தாங்கியது. முடக்கம் முடிந்து வருடங்கள் ஆன பிறகும், 2023-24இலும், அது 46 பக்கத்திலேயே நின்றது என்பதைத்தான் கவலையோடு பார்க்க வேண்டும். கிராமத்துப் பெண்களில் வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்தால் 2023-24இல் 76.9 சதவீதம் பேர் விவசாயத்தில், ஆண்களில் 49.4. ஆண் வெளியேறுகிறான், பெண் வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் தங்கிவிடுகிறாள், பல நேரம் சம்பளமே இல்லாத குடும்ப உழைப்பாக.

இரண்டாவது, விவசாயக் குடும்பம் என்று சொல்லப்படுகிற குடும்பமே விவசாயத்தை வைத்து வாழவில்லை. 2018-19 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் அப்படிப்பட்ட குடும்பத்தின் மாத வருமானம் சராசரியாக 10,218 ரூபாய். அதில் கூலி, சம்பளமாக வந்தது 4,063. பயிரில் வந்தது 3,798. ஆள் விவசாயத்தில் இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று பிரிப்பதே பல வீடுகளில் பொருந்தாது. ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும்.

சீனாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்போதும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். 1978இல் அங்கே பத்தில் ஏழு பேர் விவசாயம். ஆனால் வறுமை வேகமாக விழுந்தது நகரத் தொழிற்சாலைகளால் அல்ல. 1980களின் முதல் பாதியில், கூட்டுப்பண்ணையைப் பிரித்து நிலத்தைக் குடும்பங்களிடம் கொடுத்து, கொள்முதல் விலையையும் ஏற்றிய போதுதான் பெரிய சரிவு. மார்ட்டின் ரவாலியனும் ஷாவோஹுவா சென்னும் செய்த ஆய்வு, 1980 தொட்டு வந்த இருபது வருடங்களில் வறுமையைக் குறைத்ததில் தொழிலையும் சேவையையும் விட விவசாய வளர்ச்சிக்கே பங்கு பெரிது என்று காட்டியது. அதற்குப் பிறகு பெரிதாக வளர்ந்தவை ஊர்ப்புறத் தொழில்கள். அவற்றில் வேலை பார்த்தவர்கள் 1978இல் 2.8 கோடி, 1996இல் 13.5 கோடி. நிலத்தை விட்டார்கள், ஊரை விடவில்லை. கடலோர நகரங்களுக்குப் பெருங்கூட்டமாகப் போனது இதற்கெல்லாம் பிறகுதான் பெரிதானது.

#6 நொய்யல்கரை

நிலத்தை விட்டு ஊரை விடாமல் போவது... எங்கள் பக்கத்து டவுன் பஸ் கதையேதான் அது. காலை ஏழு மணிக்குத் திருப்பூர் பஸ்ஸில் ஏறி இரவு ஒன்பதுக்கு இறங்குபவருக்கு வாடகை கிடையாது, ரேஷன் அரிசி சொந்த ஊரில் கிடைக்கும், குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்வார். அதே சம்பளத்துக்குத் திருப்பூரில் லைன் வீடு எடுத்துத் தங்குபவர் கையில் நிற்பது பாதிதான். 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதை நான் தொழிலாளர் திட்டமாகத்தான் பார்க்கிறேன். செக்கிங், பேக்கிங் வேலைக்கு வரும் பெண்களிடம் கேட்டால் தெரியும், மாதச் சம்பளத்தில் பஸ்ஸுக்கு எவ்வளவு போய்க்கொண்டிருந்தது என்று.

#7 மலட்டாறு

விழுப்புரம் மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றின் கணக்கு நூறு வருடத்துக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களை அவரவர் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். யாரிடம் நிலம், யாருக்குக் கடன், என்ன கூலி என்று. அதில் ஒன்று திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இருக்கும் இருவேல்பட்டு. அதே ஊர்களை 1930களில் மறுபடி போய்ப் பார்த்தார்கள், 1980களில் சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தார் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போய் எழுதினார்கள். உலகத்தில் ஒரு கிராமத்துக்கு இவ்வளவு நீளமான பதிவு கிடைப்பது அரிது.

1916இல் அந்த ஊர் என்பது ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பமும், அதைச் சார்ந்து நின்ற மற்றவர்களும். படியாள் முறை, தலைமுறைக் கடன். 2008இல் அந்தப் பிடி கிட்டத்தட்டப் போய்விட்டது. தலித் மக்கள் பழைய மாதிரி யார் வாசலிலும் நிற்கவில்லை, ஊருக்கு வெளியே வேலைக்குப் போகிறார்கள். இதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் அந்த விடுதலை எதனால் வந்தது என்று பார்த்தால் பெரிய தொழிற்சாலை ஒன்றும் அங்கே வரவில்லை. வெளியே கிடைத்த வேலைகள் பெரும்பாலும் கூலி வேலைகள். ரேஷன், சத்துணவு, வீடு, பள்ளிக்கூடம், உதவித்தொகை என்று அரசிடமிருந்து நேரடியாக வந்தவையும் கூடச் சேர்ந்தன. பண்ணையார் கொடுக்கும் நெல்லை நம்பி இருந்தவருக்கு ரேஷன் கடை அரிசி என்றால் என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். முடியாது என்று சொல்ல அதுவே போதும். செய்யாற்றுக்காரர் கேட்ட கேள்விக்கு என் பதில் இது: வேலை மாறியது பாதிக் காரணம். மாறாமலும் பட்டினி இல்லை என்ற நிலை இருந்ததுதான் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி இல்லாத மாநிலங்களில் ஆள் வெளியேறினால் கடனோடு வெளியேறுகிறார், செங்கல் சூளையில் போய் விழுகிறார்.

#8 வடமதுரை

பெண்களுக்குத் தொழிற்சாலை வேலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற தொனி சில பதிவுகளில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன், எங்களுக்கும் வந்தது. நூல் மில்லில் சுமங்கலித் திட்டம் என்று பெயர். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாகக் கல்யாணப் பணம். மானாவாரி நிலம் காய்ந்துபோன வீடுகளில் தரகர் வந்து சொல்லும்போது அது வரமாகத் தெரிந்தது. வெளியே போக அனுமதி இல்லை, வீட்டுக்குப் பேச நேரம் குறித்துத் தருவார்கள், இரவு ஷிப்ட், பஞ்சுத் தூசி. உடம்புக்கு முடியாமல் இடையில் திரும்பினால் அந்த மொத்தப் பணம் கிடைக்காது. என் பள்ளித் தோழி ஒருத்தி முடிவதற்குக் கொஞ்ச காலம் முன்பு காசநோயோடு வந்தாள், கையில் ஒன்றும் இல்லை.

அவள் வேலை செய்த காலம் முழுக்கக் கணக்கெடுப்பில் 'தொழில்துறை, மாதச் சம்பளம்' என்றுதான் பதிவாகியிருக்கும்.

#9 செய்யாற்றுக்காரன்

வடமதுரை அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. நான் கேட்ட நிபந்தனை என்பதே இதுதான்.

எங்கள் பக்கத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான பெண்களை எடுத்தன. விடுதி இல்லை; கம்பெனி பஸ் வந்தவாசி, ஆரணி பக்கமெல்லாம் கிராமம் கிராமமாக வந்து ஏற்றிப் போகிறது. சம்பளம் பெரிதாக இல்லை. ஆனால் வங்கிக் கணக்கில் மாதா மாதம் விழுகிறது, பி.எஃப், இ.எஸ்.ஐ உண்டு, மாலையில் வீட்டில் இருக்கிறார்கள். கழனி வேலைக்குப் போன அம்மாக்களின் பெண்கள் தங்கள் பெயரில் சீட்டுக் கட்டுகிறார்கள், தம்பியைப் பாலிடெக்னிக் படிக்க வைக்கிறார்கள்.

குறை என்னவென்றால் வயது. இளம் பெண்களைத்தான் எடுக்கிறார்கள். நாற்பது தாண்டிய அம்மா கழனியிலும் நூறு நாள் வேலையிலும்தான். கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால். அதன் பிறகு திரும்ப எடுப்பதில்லை.

#10 ஓசூர்வாசி

கட்டுமான சைட்டில் சூப்பர்வைசர். என்னிடம் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா. எல்லாருமே விவசாயக் குடும்பங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே இந்தக் கணக்கை முடித்துக்கொள்ள முடியாது என்பதற்காக எழுதுகிறேன்.

ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 புள்ளிவிவரத்தில் கிராமத்து விவசாயக் கூலி, ஆண்களுக்கு, கேரளத்தில் ஒரு நாளைக்கு 764 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 229. ஒரே நாடு, மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்த வித்தியாசத்தைத் தேடித்தான் ரயில் ஏறுகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் அங்கே செங்கல் வீடு எழும்புகிறது, வட்டிக்கடன் அடைகிறது. அது உண்மையான வறுமைக் குறைப்பு, நம் ஊர்ப் பக்கம் நடந்துகொண்டு அவர்கள் மாநிலக் கணக்கில் ஏறுகிறது.

ஆனால் இங்கே அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? மேஸ்திரிக்குக் கீழே மேஸ்திரி, அவருக்குக் கீழே இன்னொருவர், சம்பளம் மூன்று கை தாண்டி வருகிறது. தகரக் கொட்டகை. விழுந்து கால் உடைந்தால் ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் வெளிமாநிலத்தவரையும் பதிவு செய்ய வழி இருக்கிறது. எத்தனை ஒப்பந்ததாரர்கள் அழைத்துப் போகிறார்கள்? விவசாயத்தை விட்டு வருகிறவர்களில் ஏகப்பட்ட பேர் வந்து சேருவது தொழிற்சாலைக்கு இல்லை, கட்டடத்துக்கு. தொழில்மயம் என்று பேசும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

#11 நொய்யல்கரை

ஓசூர்வாசி சொன்னதோடு இன்னொன்றும் சேருங்கள். தொழிலுக்கும் பஞ்சம் வரும். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததற்காக உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறு பட்டறைகளுக்கு மேல். தீர்ப்பு நியாயமானது, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலத்தை இழந்த விவசாயிகள் எத்தனை வருடம் போராடினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். திருப்பூர் வளர்ந்ததில் அவர்கள் வேறு வேலைக்கு மாறவில்லை, மாற்றப்பட்டார்கள். ஆனால் அந்த மாதங்களில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவருக்கும் வேலை போனது. 2020இல் மறுபடி. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் நின்று, ஷிப்ட் குறைந்தது.

ஒவ்வொரு தடவையும் ஊரில் அரை ஏக்கரும் இரண்டு மாடும் உள்ள குடும்பம் தாக்குப்பிடித்தது. ஒன்றுமில்லாத குடும்பம் கந்துவட்டிக்குப் போனது. இதனால்தான் வெளியே போனவர்கள் நிலத்தை விற்க மறுக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் இன்சூரன்ஸ்.

#12 தாளடி

சரி, இப்போது என் பேச்சுக்கு வந்துவிட்டீர்கள். வெண்ணாறு தங்கச்சி சொன்னதை யோசித்துப் பார்த்தேன். கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை நான். அந்தக் கூலியைக் கொடுக்கிற அளவுக்கு எனக்கு நிலம் வேண்டும் என்கிறேன்.

எங்கள் ஊரில் பாதி நிலத்தின் சொந்தக்காரர்கள் ஊரில் இல்லை. சென்னையில், திருப்பூரில், சிங்கப்பூரில். விற்க மாட்டார்கள், நொய்யல்கரை சொன்ன காரணம்தான். உழுவது நான். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. எழுத்தில் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று பயம். 1969இலேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது, பதியத்தான் யாரும் சம்மதிப்பதில்லை. அதனால் வெள்ளத்தில் பயிர் அழுகினால் நிவாரணம் பட்டாக்காரர் கணக்கில் விழுகிறது. கூட்டுறவுப் பயிர்க்கடன் எனக்குக் கிடைக்காது, எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராமக் கணக்கில் எழுதித் தரும் அடங்கல் வாங்குவதே பாடு. பத்து ஏக்கர் ஒருசேர ஐந்து வருடத்துக்கு எழுத்தில் கிடைத்தால் நான் நடவு எந்திரத்துக்கு ஏற்றபடி வயலைச் சமப்படுத்துவேன், ட்ரே நாற்றங்கால் போடுவேன், நடவாளுக்குக் கேட்ட கூலியும் கொடுப்பேன். அடுத்த வருடம் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யார் காசு போடுவார்?

ஆள் போனால் மிச்சம் இருப்பவர் வருமானம் கூடும் என்று பாடத்தில் இருக்கிறதாமே. ஆள் போய்விட்டார்கள், அவர்கள் நிலம் என்னிடம் வரவில்லை.

#13 எண்கணக்கு

ஐயா சொல்வது ஆழமான விஷயம். சீனாவிலும் உழும் உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவதைப் பின்னாளில் சட்டத்தில் கொண்டுவந்த பிறகுதான் ஊரை விட்டவர்களின் நிலம் தங்கியவர்கள் கைக்குத் தைரியமாகப் போனது. இங்கே குத்தகைச் சட்டங்கள் உழுபவரைக் காக்க வந்தவை, நியாயமான வரலாறு அவற்றுக்கு இருக்கிறது. ஆனால் இன்று பல ஊர்களில் நிலம் கொடுப்பவர் சாதாரண மாதச் சம்பளக்காரர், எடுப்பவர் அவரைவிடக் கொஞ்சம் பெரிய விவசாயி. இரண்டு பேர் பயத்தையும் தீர்க்கிற குறுகிய காலப் பதிவு வேண்டும். உரிமை மாறாது என்று எழுதி, கடனும் நிவாரணமும் மட்டும் உழுபவருக்கு.

#14 வெண்ணாறு

அண்ணா, இதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். கோயில் நிலம், மடத்து நிலம் பயிர் செய்பவர்களுக்கும் இதே பாடுதான்.

நான் கேட்பது ஒன்றுதான். டெல்டாவில் நிலமில்லாத வீட்டுப் பெண்களுக்கு நடவும் களையும் எந்திரத்துக்கும் களைக்கொல்லிக்கும் போய்விட்டன. ஆண்கள் ஊரில் இல்லை. பெண்ணுக்குச் செய்யாறு மாதிரி பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் ஒன்றும் இல்லை. கேட்டால் 'பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், தொழில் வர முடியாது' என்கிறார்கள். டெல்டாவை அப்படி அறிவித்த 2020 சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயுக் கிணறு, தாமிரம், அலுமினிய உருக்காலை, தோல் பதனிடுவது போன்றவற்றை. அந்தத் தடை வேண்டும், அதற்காகத் தெருவில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. தையல் யூனிட்டையோ அரிசி மாவு, அவல் தயாரிப்பையோ அது தடுக்கவில்லை. மன்னார்குடியிலோ நீடாமங்கலத்திலோ ஐநூறு பெண்கள் தைக்கிற யூனிட் ஒன்று, பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம், நாற்பது வயது வரை சேர்க்கை. என் பள்ளியில் பத்தாம் வகுப்போடு நின்றுபோன பெண்களின் அம்மாக்களே முதல் நாள் வரிசையில் நிற்பார்கள்.

#15 தாளடி

நடவு நேரத்தில் மட்டும் பத்து நாள் விடுமுறை கொடுக்கச் சொல்லும்மா அந்த யூனிட்டை. அவர்கள் கொடுக்கிற நாள் சம்பளத்துக்கு மேல் நான் கொடுக்கிறேன்.

#16 வெண்ணாறு

கொடுப்பீர்கள் என்றால் விடுமுறையைக் கேட்டு எழுதுவது என் பொறுப்பு. கூலி பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அதையும் சேர்த்து எழுதுவேன்.